டெவலப்மென்ட், விர்ச்சுவல் மெஷின், சொந்த ஏஐ: பெரிய டெஸ்க்டாப் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

பகலெல்லாம் கோடிங், இடையில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே கணினிக்குள் மென்பொருளால் ஓடும் தனிக் கணினிகள்), இணையத்துக்கு எதையும் அனுப்பாமல் சொந்தப் பெட்டியிலேயே ஓடும் ஏஐ மாடல். இந்த மூன்றுக்கும் ஒரே டெஸ்க்டாப் வேண்டும் என்பவர்களுக்காக எழுதியது. கேமிங்குக்காக வாங்குபவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

பட்ஜெட்டை எதிலிருந்து பிரிக்கத் தொடங்குவது? பிராசசரா, கிராபிக்ஸ் கார்டா?

இரண்டும் இல்லை, மெமரி. இந்த வகைப் பெட்டியில் இரண்டு மெமரிகள் இருக்கின்றன. மதர்போர்டில் செருகும் ரேம் ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் வீடியோ மெமரி மற்றொன்று. விர்ச்சுவல் மெஷின்கள் முதலாவதைத் தின்னும். ஏஐ மாடல் இரண்டாவதைத் தின்னும். பிராசசர் கொஞ்சம் மெதுவானது என்றால் வேலை பத்து நிமிடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மெமரி போதவில்லை என்றால் வேலையே நடக்காது, அல்லது ரேமில் இடமில்லாததை எஸ்எஸ்டிக்கு மாற்றி (ஸ்வாப்) மவுஸ் நகரவே திணறும். அதனால் இந்த இரண்டு எண்களையும் முதலில் முடிவு செய்யுங்கள். பிராசசர், மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாம் அவற்றுக்கு ஏற்ப அமையட்டும்.

கடைகளில் வரிசை தலைகீழாக இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் நின்றால் முதல் கேள்வியே "ஐ7-ஆ, ஐ9-ஆ?" என்றுதான் வரும். "96 ஜிபி ரேம், 16 ஜிபி கார்டு, இதற்குள் என்ன பிராசசர் போடலாம்?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். கொட்டேஷன் வேறு மாதிரி வரும்.

ரேம் எவ்வளவு வேண்டும்? 32 ஜிபி போதாதா?

உங்கள் இப்போதைய மெஷினிலேயே கணக்குப் பாருங்கள். வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'கமிட்டட்' என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் என்றால் 'ஃப்ரீ' கட்டளை காட்டும் 'அவெய்லபிள்' பத்தியையும் ஸ்வாப் வரியையும் பாருங்கள்.

ஒரு சாதாரண வேலைநாளை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் அதன் கிரேடில் பில்டும் சேர்ந்து 8 ஜிபி, எமுலேட்டர் 4, நாற்பது டேபுடன் பிரவுசர் 6, மென்பொருள்களைத் தனித்தனிப் பொட்டலமாக ஓட்டும் டாக்கரில் டேட்டாபேஸும் இரண்டு மூன்று சர்வீஸும் 6, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு 4. இதுவே 28. இதன்மேல், அத்தகைய பொட்டலங்களைப் பல மெஷின்களில் நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் பழக மூன்று லினக்ஸ் மெஷின்கள், ஆளுக்கு 4 ஜிபி, மொத்தம் 12. டெஸ்டிங்குக்கு ஒரு விண்டோஸ் மெஷின் 8. ஏஐ இன்னும் உள்ளே வரவில்லை, அதற்குள் 48 ஆகிவிட்டது.

64 ஜிபிக்குக் கீழே இந்த வேலைக்கு வாங்காதீர்கள். 96 இருந்தால் நிம்மதி. பெரிய ஏஐ மாடலின் ஒரு பகுதியை ரேமில் வைத்து ஓட்டும் எண்ணம் இருந்தால் 128.

சி++ புராஜெக்டுகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. கம்பைலர் ஒவ்வொரு த்ரெடுக்கும் (பிராசசர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை இழை) ஏறக்குறைய 2 ஜிபி கேட்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 32 த்ரெட் பிராசசர் வாங்கி 32 ஜிபி ரேம் போட்டால், பாதி த்ரெட்களை மூடிவைத்துத்தான் பில்ட் செய்ய வேண்டிவரும். ஆண்ட்ராய்டு மூலக் கோடை முழுதாக பில்ட் செய்யக் குறைந்தது 64 ஜிபி ரேமும் 400 ஜிபி டிஸ்க் இடமும் வேண்டும் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. 72 கோர் மெஷினில் சுமார் 40 நிமிடம், 6 கோர் மெஷினில் சுமார் 6 மணி நேரம் என்பதும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. இரண்டிலும் ரேம் அதே 64 ஜிபிதான் என்பதைக் கவனியுங்கள்.

நான்கு ஸ்லாட் இருக்கிறதே, இப்போது இரண்டு போட்டுவிட்டுப் பிறகு இரண்டு சேர்த்துக்கொள்ளலாமா?

முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4 காலத்தில் அது நல்ல யோசனை. இப்போதைய டிடிஆர்5-ல் அப்படி இல்லை. ரைசன் 9950எக்ஸ் பிராசசருக்கு ஏஎம்டி சொல்லும் வேகத்தைப் பாருங்கள்: இரண்டு ஸ்டிக் என்றால் 5600, நான்கு ஸ்டிக் என்றால் 3600. பயாஸில் விளையாடி அதைவிட மேலே ஏற்றுபவர்கள் உண்டு. ஆனால் இரவெல்லாம் வேலை செய்யும் மெஷினில் ரேம் நிலையாக ஓடுமா என்ற சந்தேகத்தோடு இருக்க வேண்டாம்.

ஆகவே தேவையானதை இரண்டே ஸ்டிக்கில் வாங்குங்கள். இரண்டு 48 சேர்ந்து 96, அல்லது இரண்டு 64 சேர்ந்து 128. ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் கிட்டாக இருக்கட்டும், தனித்தனியாக வாங்கிச் சேர்க்காதீர்கள்.

ரேம் விலை இப்படி ஏறிக் கிடக்கிறதே, காத்திருக்கலாமா?

2025-ன் கடைசி மாதங்களில் ஏறத் தொடங்கியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதுதான் காரணம். டிசம்பர் 2025-ல் மைக்ரான் தன் 'க்ரூஷியல்' சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட சந்தையில் "அடுத்த மாதம் இறங்கும்" என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

வேலை நின்றுபோயிருந்தால் 64 ஜிபி கிட்டை இப்போதே வாங்கி ஓட்டுங்கள். பிறகு 128-க்கு மாறும்போது பழைய கிட்டை விற்கலாம், ரேமுக்கு மறுவிற்பனையில் நல்ல மதிப்பு இருக்கிறது. பழைய மெஷினில் வேலை ஓடுகிறது என்றால் பொறுங்கள்.

பிழையைத் தானே கண்டறிந்து திருத்தும் இசிசி ரேம் அவசியமா?

வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் அந்தப் பெட்டியில் இருந்தால், அல்லது ஒரு வேலை நாள்கணக்கில் ஓடும் என்றால் போடுங்கள். இன்றைய ரைசன் பிராசசர்கள் உட்காரும் ஏஎம்5 மதர்போர்டுகளில் சில, பஃபர் இல்லாத இசிசி ரேமை ஏற்கும். போர்டின் விவரப் பக்கத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். எல்லா டிடிஆர்5 சிப்பிலும் உள்ளுக்குள்ளேயே ஒரு பிழைதிருத்தம் இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள். அது சிப்புக்குள் நடப்பதோடு சரி. ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே வரும் பிழையை அது பிடிக்காது.

பிராசசர் எது?

பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை ரைசன் 9 வரிசை: 12 கோர் 9900எக்ஸ் அல்லது 16 கோர் 9950எக்ஸ். காரணம் விர்ச்சுவல் மெஷின்கள்தான். இவற்றில் எல்லா கோரும் ஒரே வகை. எந்த மெஷினுக்கு எந்த நான்கு கோரைக் கொடுத்தாலும் அது ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே-யில் 8 பெரிய கோரும் 16 சிறிய கோரும் இருக்கின்றன. கம்பைல் வேகத்தில் அது சளைத்ததல்ல. ஆனால் விர்ச்சுவல் மெஷின் எந்த வகை கோரில் விழுகிறது என்பதை நீங்கள் கவனித்து, தேவைப்பட்டால் கையால் பூட்டிவைக்க வேண்டும். ஒரு நாள் வேகமாகவும் மறுநாள் மெதுவாகவும் தோன்றும் டெஸ்ட் முடிவுகளுக்கு இது காரணமாக இருக்கலாம்.

பெயரின் முடிவில் 'எக்ஸ்3டி' என்று வரும் மாடல்களுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இந்த வேலைக்கு வீண். அந்தப் பெரிய கேஷ் கேமிங்குக்கு உதவும் அளவு கம்பைலுக்கு உதவுவதில்லை.

பழைய பிராசசர் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்வகை டெஸ்க்டாப் பிராசசர்களில் மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைவு ஏற்பட்டது. 2024-ல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. கைமாறி வரும் ஐ9-ஐ வாங்குமுன் இது நினைவிருக்கட்டும்.

ஏஎம்டியின் பெரிய வொர்க்ஸ்டேஷன் பிராசசரான த்ரெட்ரிப்பர்?

256 ஜிபிக்கு மேல் ரேம், அல்லது இரண்டுக்கு மேற்பட்ட கிராபிக்ஸ் கார்டுகள் வேண்டும் என்றால் மட்டும். அதன் சிறப்பு கோர் எண்ணிக்கையில் இல்லை, வழிகளில் இருக்கிறது. சாதாரண ரைசனில் மெமரிக்கு இரண்டு சேனல், த்ரெட்ரிப்பரில் நான்கு, த்ரெட்ரிப்பர் ப்ரோவில் எட்டு. கார்டுகளையும் எஸ்எஸ்டிகளையும் பிராசசரோடு இணைக்கும் பிசிஐஇ லேன்களும் அதுபோலவே: ப்ரோவில் 128, சாதாரண ரைசனில் நம் பயன்பாட்டுக்குக் கிடைப்பது 24. ஆனால் மதர்போர்டும் ரெஜிஸ்டர்டு ரேமும் சேர்ந்தால் செலவு வேறொரு தளத்துக்குப் போய்விடும். ஒரு ரைசன் மெஷினும், விர்ச்சுவல் மெஷின்களுக்கென்று தனியாக ஒரு பழைய சர்வரும் சேர்த்து வாங்கினாலும் அதைவிடக் குறைவாக முடியும்.

ஏஐ ஓட்ட எந்த கிராபிக்ஸ் கார்டு?

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான்.

மாடல் ஒவ்வொரு டோக்கனை (சொல் அல்லது சொல்லின் துண்டு) எழுதும்போதும் தன் எடைகள் அனைத்தையும், அதாவது தன்னுள் இருக்கும் எண்கள் அனைத்தையும், மெமரியிலிருந்து ஒரு முறை படிக்கிறது. ஆகவே மெமரியின் வேகத்தை மாடலின் அளவால் வகுத்தால், ஒரு நொடிக்கு அதிகபட்சம் எத்தனை டோக்கன் வரும் என்று தெரிந்துவிடும். நடைமுறையில் அதில் பாதியிலிருந்து முக்கால் பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

800 கோடி அளவுருக்கள் (அந்த எண்கள்தான்) கொண்ட ஒரு மாடலை, எண் ஒன்றுக்கு ஏறக்குறைய 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி. இரட்டைச் சேனல் டிடிஆர்5-6000 ரேமின் வேகம் நொடிக்கு 96 ஜிபி. 96-ஐ 5-ஆல் வகுத்தால் 19 டோக்கன். அதே மாடல் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டில் இருந்தால் வேகம் 936 ஜிபி, அதாவது 187 டோக்கன். பிராசசரில் எத்தனை கோர் இருந்தாலும் இந்தப் பத்து மடங்கு இடைவெளியை மூட முடியாது.

இனி என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகள். 4060 டிஐ, 5060 டிஐ இரண்டும் 16 ஜிபி வகையில் கிடைத்தன. ஆனால் முதலாவதின் வேகம் 288 ஜிபி, இரண்டாவதின் வேகம் 448 ஜிபி. ஒரே அளவு மெமரி, ஒன்றரை மடங்கு வேகம். 5070 டிஐ-யிலும் 16 ஜிபிதான், வேகம் 896. 5080-க்கும் அதே 16 ஜிபி, வேகம் 960. ஏஐ மட்டுமே நோக்கம் என்றால் 5070 டிஐ-யிலிருந்து 5080-க்குத் தாவுவதில் அர்த்தம் இல்லை. 5090-ல் 32 ஜிபி, 1,792 ஜிபி வேகம். 2025 ஜனவரியில் என்விடியா அறிவித்த இந்திய விலை 2,14,000 ரூபாய், கடைகளில் அந்த விலைக்குக் கிடைத்தவர்கள் அபூர்வம்.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் 5060 டிஐ 16 ஜிபி. இதே கார்டுக்கு 8 ஜிபி வகையும் உண்டு, பில்லில் 16 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏஐ உங்கள் அன்றாடத் தொழில் என்றால் 24 அல்லது 32 ஜிபி கார்டு.

700 கோடி, 3,200 கோடி, 7,000 கோடி அளவுரு மாடல் என்கிறார்களே, எது எதில் அடங்கும்?

4 பிட் சுருக்கத்தில் நூறு கோடிக்கு ஏறக்குறைய 0.6 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,200 கோடி மாடல் சுமார் 20 ஜிபி, 24 ஜிபி கார்டில் உட்காரும். 7,000 கோடி மாடல் சுமார் 40 ஜிபி, 5090-லும் அடங்காது.

ஆனால் 2025-ல் நிலைமை மாறிவிட்டது. இப்போது வரும் பெரிய மாடல்கள் பல, நிபுணர் குழு போன்ற அமைப்பு கொண்டவை. மொத்த அளவு பெரிதாக இருந்தாலும் ஒரு டோக்கனுக்கு அதில் சிறு பகுதியே வேலை செய்யும். ஓபன்ஏஐ 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஜிபிடி-ஓஎஸ்எஸ் 120பி-யில் (பி என்றால் பில்லியன், நூறு கோடி) மொத்தம் 11,700 கோடி அளவுருக்கள். ஒரு டோக்கனுக்கு இயங்குபவை 510 கோடி மட்டுமே. மாடல் 60 ஜிபியைத் தாண்டும், எந்த வீட்டு கார்டிலும் அடங்காது. ஆனாலும் எல்லா டோக்கனுக்கும் தேவைப்படும் அடுக்குகளை கார்டிலும், நிபுணர் பகுதிகளை ரேமிலும் வைத்து லாமா.சிபிபி மென்பொருள் ஓட்டிவிடும். படிக்கும் வேகத்துக்கு டோக்கன் வருகிறது. 16 ஜிபி கார்டோடு 96 அல்லது 128 ஜிபி ரேம் என்ற சேர்க்கையை நான் வலியுறுத்துவது இதனால்தான். விர்ச்சுவல் மெஷின்களுக்காக வாங்கிய அதே ரேம் இரவில் பெரிய மாடலுக்கு உதவும்.

மாடல் கார்டில் அடங்குகிறது, ஆனால் நீளமான கோப்பைக் கொடுத்தால் மெமரி போதவில்லை என்கிறது. ஏன்?

உரையாடலின் நினைவுக்கும் இடம் வேண்டும். லாமா 3.1-ன் 8பி மாடலில் ஒரு டோக்கனுக்கு 128 கேபி. 32 ஆயிரம் டோக்கன் கான்டெக்ஸ்டுக்கு (மாடல் ஒரே நேரத்தில் நினைவில் வைக்கும் உரை) 4 ஜிபி. அது அனுமதிக்கும் முழு 128 ஆயிரத்துக்கும் 16 ஜிபி, அதாவது மாடலைப் போல மூன்று மடங்கு. கோடிங் ஏஜென்ட் வைத்து முழு ரெப்பாசிட்டரியைப் படிக்கவைப்பவர்கள் இந்த இடத்தைச் சேர்த்தே கார்டு வாங்க வேண்டும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். உரையை டோக்கன்களாக வெட்டும் பழைய டோக்கனைசர்கள் தமிழை அந்த பைட் அளவுக்கே நொறுக்கின. ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில், பழைய முறையில் 116 டோக்கன் எடுத்த ஒரு தமிழ் வாக்கியம் புதிய முறையில் 35-க்கு இறங்கியது. ஜிபிடி-ஓஎஸ்எஸ் மாடல்கள் அந்தப் புதிய டோக்கனைசரின் வழியில் வந்தவை. ஒரே கார்டு, ஒரே கோப்பு, ஆனால் எந்த மாடலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மும்மடங்கு தமிழ் உள்ளே போகும். 4 பிட்டில் சர்வம் நிறுவனத்தின் 24பி மாடலான சர்வம்-எம் ஏறக்குறைய 14 ஜிபி, கூகுளின் ஜெம்மா 3 27பி சுருக்கும் விதத்தைப் பொறுத்து 14 முதல் 17 ஜிபி. 16 ஜிபி கார்டில் அடங்கும் வடிவங்களைச் சின்ன கான்டெக்ஸ்டோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, தமிழுக்கு எது சரிவருகிறது என்று முடிவு செய்யுங்கள்.

ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு மலிவாக இருக்கிறதே?

மாடலை ஓட்ட மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். 7900 எக்ஸ்டிஎக்ஸ்-ல் 24 ஜிபி, 960 ஜிபி வேகம். லினக்ஸில் லாமா.சிபிபி நன்றாக ஓடுகிறது. கிட்ஹப்பில் வரும் புதிய ஆராய்ச்சிக் கோடை அன்றே இறக்கி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் என்விடியாவே வாங்குங்கள். அவை பெரும்பாலும் என்விடியாவின் மென்பொருள் தளமான கூடா இருக்கும் என்று நம்பியே எழுதப்படுகின்றன.

மேக் ஸ்டுடியோவோ, 128 ஜிபி கொண்ட சின்னப் பெட்டிகளோ வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

ஏஐ மட்டும் என்றால் நல்ல வழிதான். எம்3 அல்ட்ரா மேக் ஸ்டுடியோ 2025-ல் வந்தபோது 512 ஜிபி வரை மெமரி, நொடிக்கு 819 ஜிபி வேகம். ரைசன் ஏஐ மேக்ஸ்+ 395 பெட்டிகளில் 128 ஜிபி, வேகம் 256. என்விடியாவின் டிஜிஎக்ஸ் ஸ்பார்க்கிலும் 128 ஜிபி, வேகம் 273. சத்தம் இல்லை, கரண்டும் குறைவு.

நம் தேவை மூன்று வேலைகள் அல்லவா? மேக்கும் ஸ்பார்க்கும் ஆர்ம் வகை பிராசசர் கொண்டவை. அவற்றில், இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்கான எக்ஸ்86 வகை விண்டோஸையோ லினக்ஸையோ விர்ச்சுவல் மெஷினாக ஓட்டினால் எமுலேஷனில் நடக்கும், நடை மிக மெதுவாக இருக்கும். வாடிக்கையாளரின் சர்வர் எக்ஸ்86 என்றால் டாக்கர் இமேஜ்களிலும் அதே சிக்கல். ரைசன் ஏஐ மேக்ஸில் இந்தத் தடை இல்லை. ஆனால் அதன் ரேம் போர்டிலேயே ஒட்டியது, பிறகு கூட்ட முடியாது. இன்னொன்று, நீளமான கேள்வியைப் படித்து முடிக்கும் வேகம் மெமரியைவிடக் கணக்கிடும் வலிமையைச் சார்ந்தது. ஐம்பதாயிரம் டோக்கன் கோடை உள்ளே தள்ளும்போது பெரிய என்விடியா கார்டு முன்னால் ஓடிவிடும், சின்னப் பெட்டிகள் நிறைய நேரம் காக்கவைக்கும்.

செகண்ட் ஹேண்ட் 3090?

24 ஜிபிக்குக் குறைந்த செலவான வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் இது 2020 செப்டம்பரில் வந்த கார்டு, பல கார்டுகள் கிரிப்டோ மைனிங்கில் உழைத்து வந்தவை. இதன் மெமரி சிப்புகளில் பாதி போர்டின் பின்பக்கம் இருக்கின்றன, அங்கே காற்று போகாது. வாங்குமுன் அரைமணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டச் சொல்லி, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் 'மெமரி ஜங்ஷன்' வெப்பத்தைப் பாருங்கள். 100 டிகிரியைத் தாண்டினால் தெர்மல் பேட் மாற்றும் செலவையும் விலையில் கழியுங்கள். விற்பவர் கார்டை ஓட்டிக்காட்ட மறுத்தால் அடுத்த ஆளிடம் போங்கள்.

பிறகு இரண்டாவது கார்டு சேர்க்க மதர்போர்டில் என்ன பார்க்க வேண்டும்?

நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால் போதாது. மலிவான போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட் சிப்செட் வழியாக வெறும் நான்கு லேனில் ஓடும். "16 லேனை 8, 8 எனப் பிரிக்கும்" என்று விவரக் குறிப்பில் இருக்க வேண்டும். ஸ்லாட்டுகளுக்கிடையே மூன்று ஸ்லாட் தடிமனுக்கு இடைவெளியும் வேண்டும், இல்லாவிட்டால் மேல் கார்டுக்கு மூச்சே விட முடியாது. சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றைச் செருகினால் கார்டின் லேன் பாதியாகும். மேனுவலின் அந்தப் பக்கத்தை வாங்குமுன்பே பிடிஎஃப்-ல் படித்துவிடுங்கள்.

விண்டோஸா, லினக்ஸா?

வேலை முழுக்க லினக்ஸ் சர்வர்களுக்கு என்றால் அடியில் லினக்ஸ், மேலே அதன் விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம். விண்டோஸ் தேவைப்படும்போது அது ஒரு விர்ச்சுவல் மெஷின். விண்டோஸிலேயே இருக்க வேண்டியவர்களுக்கு விர்ச்சுவல் மெஷின்களுக்கு ஹைப்பர்-வியும், விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்ட டபிள்யூஎஸ்எல்2-வும் போதும். டபிள்யூஎஸ்எல்2 இயல்பாக மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும் என்பதால் அதன் கான்ஃபிக் கோப்பில் வரம்பு போட்டுவிடுங்கள். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ரைசன் 9000 பிராசசர்களுக்குள் சின்ன கிராபிக்ஸ் பகுதி ஒன்று இருக்கிறது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகுங்கள். பெரிய கார்டின் மெமரி முழுவதும் ஏஐ-க்கே கிடைக்கும். அந்தக் கார்டை அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியும். அதற்கு பயாஸில் விர்ச்சுவலைசேஷனையும், கார்டை விர்ச்சுவல் மெஷினிடம் ஒப்படைக்க உதவும் ஐஓஎம்எம்யுவையும் இயக்க வேண்டும். பெயரின் முடிவில் 'எஃப்' என்று வரும், கிராபிக்ஸ் பகுதி இல்லாத பிராசசரை இதனாலேயே தவிர்க்கச் சொல்கிறேன்.

எஸ்எஸ்டி?

இரண்டாக வாங்குங்கள். சிஸ்டத்துக்கும் கோடுக்கும் 1 டிபி, விர்ச்சுவல் மெஷின்களுக்கும் மாடல்களுக்கும் 2 டிபி. ஒரு மெஷின் டிஸ்க் நிரம்பி மொத்த சிஸ்டமும் முடங்கும் நிலை வராது. பிசிஐஇ 4.0 வேகம், நொடிக்கு 7 ஜிபி, தாராளம். 5.0-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ரேமுக்குக் கொடுங்கள். தனக்கென மெமரி சிப் (டிராம்) இல்லாத, ஒரு செல்லில் 4 பிட் திணிக்கும் கியூஎல்சி வகை எஸ்எஸ்டிகள் பல மெஷின்கள் ஒரே நேரத்தில் எழுதும்போது தொங்கிவிடும், அவை வேண்டாம்.

பவர் சப்ளை, யுபிஎஸ், கரண்ட் பில்: நம் ஊருக்கு எப்படிக் கணக்கிடுவது?

5090 தனியாகவே 575 வாட். 16 கோர் ரைசன் முழுச் சுமையில் 200 வரை போகும். இந்தச் சேர்க்கைக்கு 1000 வாட் பவர் சப்ளைக்குக் குறையாமல் வேண்டும். 5060 டிஐ 180 வாட்தான், அதற்கு 750 போதும். இரண்டாவது கார்டு வரும் என்று தெரிந்தால் இப்போதே 1000 வாங்கிவிடுங்கள். ஏடிஎக்ஸ் 3.1 தரம் என்று எழுதியிருக்கட்டும். புதிய 16 பின் கேபிளைச் செருகும்போது இடைவெளியே தெரியாத அளவு உள்ளே போக வேண்டும். 4090 காலத்தில் அந்த இணைப்பு உருகிய சம்பவங்களில் பல, சரியாகச் செருகாததால் நேர்ந்தவை.

வீட்டில் கம்ப்யூட்டருக்கு வாங்கும் 1000 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 600 வாட்தான் தாங்கும். ஏஐ ஓடும்போது கரண்ட் போனால் அந்த நொடியே யுபிஎஸ்ஸும் அணைந்துவிடும். பெட்டியில் விஏ-வைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். ப்யூர் சைன்வேவ் என்பதும் முக்கியம், இன்றைய பவர் சப்ளைகள் சில, மலிவான யுபிஎஸ்ஸின் அலைவடிவத்தில் அணைந்துவிடுகின்றன.

பில் கணக்கு: சும்மா இருக்கும்போது 90 வாட் இழுக்கும் பெட்டியை இரவு பகலாக அணைக்காமல் விட்டால் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் கிடைக்கும் இலவச யூனிட்டுகளில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கான விகிதமும் உயரும். ஏசி ஓடும் கோடை மாதங்களில் அந்த எல்லை எளிதாகத் தாண்டிவிடும். ஸ்லீப்பில் போட்டு நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதியை அமைத்துக்கொள்ளுங்கள்.

கார்டின் பவர் லிமிட்டை எழுபது, எண்பது சதவீதத்துக்கு இறக்கிவிடுவதும் நல்ல வழி. டோக்கன் எழுதும் வேகம் மெமரியைச் சார்ந்தது என்பதால் பெரிய இழப்பு தெரியாது. வெப்பமும் விசிறிச் சத்தமும் குறைவது உடனே தெரியும்.

சென்னை வெயிலுக்கு வாட்டர் கூலிங் வேண்டுமா?

வேண்டாம். முன்பக்கம் வலை வைத்த கேபினெட், நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர், தூசு வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவும் பழக்கம் போதும். 600 வாட் வெப்பம் எந்தக் கூலர் போட்டாலும் அறைக்குள்தான் வந்து சேரும். மூடிய மர மேஜைக்குள் கேபினெட்டைத் தள்ளிவைக்காதீர்கள்.

மாடலுக்குச் சொந்தமாகப் பயிற்சி கொடுக்கவும் இதே பெட்டி போதுமா?

சிறிய மாடல்களுக்குப் போதும். 2023-ல் வந்த கியூலோரா முறை, 6,500 கோடி மாடலையே ஒரு 48 ஜிபி கார்டில் பயிற்றுவிக்க முடியும் என்று காட்டியது. 16 ஜிபி கார்டில் 700, 800 கோடி மாடலை அந்த முறையில் பழக்கலாம். அதற்கு மேல் என்றால் மேகக் கணினியில் மணிக் கணக்கில் வாடகைக்கு எடுங்கள். ஆண்டுக்கு நாலு தடவை செய்யும் வேலைக்கு மூன்று லட்சம் ரூபாய் கார்டு வாங்குவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

மொத்தப் பணம் இப்போது இல்லை. எதை முதலில் வாங்குவது?

மாற்றுவதற்குக் கடினமானதை முதலில்: லேன் பிரிக்கும் ஏஎம்5 மதர்போர்டு, 1000 வாட் பவர் சப்ளை, பெரிய கேபினெட், இரண்டு ஸ்டிக்கில் ரேம். பிராசசர் 12 கோர் போதும், ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-க்கு அப்பாலும் ஆதரவு என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால் பிறகு அதே போர்டில் மேலே போகலாம். கிராபிக்ஸ் கார்டை கடைசியில் வாங்குங்கள். அதுவரை சின்ன மாடல்களைப் பிராசசரிலேயே ஓட்டிப் பழகுங்கள். எந்த அளவு மாடல் உங்களுக்கு உண்மையில் பயன்படுகிறது என்பது அதற்குள் தெரிந்திருக்கும், 16-ஆ 24-ஆ என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டியிராது.

பெட்டி வந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

பயாஸை அப்டேட் செய்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட் போட்டு ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமைத் திருப்பிக் கொடுங்கள், "பரவாயில்லை, எப்போதாவது வரும்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். மறுநாள் பிராசசருக்கும் கார்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் முழுச் சுமை கொடுத்து வெப்பத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட அது உதவும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். சில நிறுவனங்கள் கிராபிக்ஸ் கார்டு வாரண்டிக்கு அந்த எண்ணைத்தான் பார்க்கின்றன. கார்டின் அட்டைப்பெட்டியை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சர்வீஸுக்கு அனுப்பவும், பிறகு விற்கவும் அது தேவைப்படும்.